ஐந்தாம் லயம் கேட்கிறது

இது நடந்ததுதான். நம்பாதவர்கள் டயகமவுக்கு பஸ் ஏறி வந்து ஜீவராஜிடமே கேட்டுக்கொள்ளலாம், பஸ் வந்தால். அவனுக்குக் கதை கட்ட வராது. அதற்கு மனதில் ஏதாவது ஓட வேண்டும். ஜூலைக்குப் பிறகு அவனுக்குள் எதுவும் ஓடவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், ரொட்டியும் சம்பலும் தின்றான். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. மண்சரிவு எச்சரிக்கைக்காக, தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயங்களில் ஸ்பீக்கர் பெட்டி மாட்டியதும் அவன்தான். ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாகக் குரல் அனுப்ப அந்த மெலிந்த இணைப்பு தாங்காது. அதனால் ஆபீஸ் மைக்கிலிருந்து ஒரே குரல்தான் கிளம்பும். பாதை பிரியும் இடத்தில் ரூட்டர் அதைப் படியெடுத்து, கேட்கிற ஆள் இருக்கும் பக்கம் மட்டும் அனுப்பும். ஆள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். 'கேட்கிறது' என்று பெட்டி பதில் சொன்னால் அந்தக் கிளைக்குக் குரல் போகும். மூன்று தடவை பதில் இல்லையென்றால் கிளையை வெட்டிவிடும்.

ஐந்தாம் லயத்துக்கு மட்டும் வயர் இழுத்ததோடு சரி, பெட்டி மாட்டவில்லை. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கேதான் அவன் அக்கா ரோகினி இருந்தாள்.

"டேய், எங்க லயத்துக்கு எப்படா மாட்டுவ?"

"ஞாயித்துக்கெழம வந்து மாட்டுறேன்க்கா."

சொந்த அக்காதானே என்று ஆறப்போடுவது யாருக்கும் உள்ள புத்திதான். அந்த ஞாயிறு வருமுன்னே, ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை 4.10க்கு மைக்கில் எச்சரிக்கை சொன்னவனும் அவனே. மற்ற லயத்துக்காரர்கள் வெளியே ஓடி வந்து பிழைத்தார்கள். 4.20க்கு ஐந்தாம் லயத்தின் மேல் மலை இறங்கியது. அக்காவோடு சேர்த்துப் பதினொரு பேர் போனார்கள். அவர்களுக்கான பெட்டி சீல்கூட உடைக்காமல் ஆபீஸ் அலமாரியில் கிடந்தது.

ரூட்டர் திரையை அதற்குப் பிறகு அவன் திறக்கவே இல்லை. அக்டோபர் மழைக்கு முன்னால் ஒரு சோதனை அறிவிப்பு விடச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை, மாலை 3.40. வெளியே மழைத் தூறல், பனிமூட்டம். திரையைத் திறந்தான்.

இரண்டாம் லயம்: கேட்கிறது.

மூன்றாம் லயம்: கேட்கிறது.

ஐந்தாம் லயம்: கேட்கிறது.

ஏதோ பிழை என்று அந்த வரியை அழித்தான்.

3.42. ஐந்தாம் லயம்: கேட்கிறது.

அந்தப் பக்கத்து வயரையே பிடுங்கினான். 3.44... கேட்கிறது.

பதில் சொன்ன பெட்டியின் எண் திரையில் இருந்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தான். அட்டைப்பெட்டி. சீல் அப்படியே இருந்தது. மேலே ஒட்டியிருந்த எண்ணைப் படித்தான்.

அதே எண்.

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. பெட்டியை உள்ளே வைத்து அலமாரியைச் சாத்தினான்.

ஆபீஸ் கிளாக்கர் செல்லசாமி கதவு வழியே தலையை நீட்டினார். "தம்பி, நாலு மணியாச்சு. அறிவிப்ப விட்டுருங்க."

"சரிங்கய்யா."

டக்... மைக்கை அழுத்தினான். 'இது சோதனை மட்டுமே' என்று எழுதிய தாள் கையில் இருந்தது. வாய் அதைப் படிக்கவில்லை.

"அக்கா... வெளிய வாங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க."

4.02. இரண்டாம் லயம்: கேட்கிறது. மூன்றாம் லயம்: கேட்கிறது. ஐந்தாம் லயம்...

பதில் இல்லை.

4.04. இல்லை.

4.06. இல்லை.

கிளை தானாக வெட்டுப்பட்டது.

செல்லசாமி ஓடி வந்தார். "என்ன தம்பி சொன்னீங்க? மூணாம் லயத்து ஆளுங்க பச்சப் புள்ளைங்களோட மழையில வந்து நிக்கிறாங்க!"

திட்டெல்லாம் அவன் காதில் விழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ரூட்டரின் பழைய பதிவுகளைப் புரட்டினான். ஐந்தாம் லயம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்றுகூட விடாமல், மூன்று மாதமாகப் பதில் சொல்லியிருந்தது. முதல் பதில் எப்போது என்று தேடினான்.

அந்த வெள்ளிக்கிழமை. விடியற்காலை 4.12. மலை இறங்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

அப்போது அக்கா உயிரோடு இருந்தாள்.