இலவச டேங்கர்

சாந்தகுமாரி கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்ப்பாள். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பாள். கோவையிலிருந்து கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்த நாள் முதல், "உனக்கு எதுலதான் நம்பிக்கை?" என்று கணவன் பாஸ்கர் அவளைக் கேலி செய்துகொண்டேதான் இருந்தான். அவனுக்கு ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை. நகரின் ஓரத்தில் இருந்த கோந்த்வாவைத் தாண்டி ஒரு கிராமத்தில் வீடு கட்டியிருந்தார்கள்.

தொண்ணூற்று ஏழில் அந்தக் கிராமத்தை நகரத்தோடு சேர்த்தார்கள். வீட்டு வரி பல மடங்கு ஏறியது; தண்ணீர்க் குழாய் மட்டும் வரவில்லை. அதைக் கேட்டு வார்டு ஆபீசுக்கு அவள் நடையாய் நடந்தாள். ஒருவழியாகத் தெருமுனையில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. அவற்றைப் பதிப்பதற்குள், விருப்பப்பட்டால் கிராமத்தை நகரத்திலிருந்து விலக்கிவிடலாம், கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள்.

விட்டல்ராவ் வீடு வீடாக ஏறி இறங்கினார். தெருவுக்கே டேங்கர் தண்ணீர் விற்பவர் அவர். ஒரு வாரமாகக் காசு வாங்காமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நம்ம வரியிலதான் வஹினி, சிட்டிக்குள்ள மேம்பாலம் கட்டறாங்க," என்றார். அவளை அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். "வெளியே வந்துட்டா பழைய வரிதான்."

அது பொய்யென்று அவளுக்கும் படவில்லை. "அப்ப அந்தக் குழாய்?"

"குழாய் எதுக்கு? நான் இருக்கேனே!"

அவர் போனதும் பாஸ்கரிடம் சொன்னாள்: "ஏனுங்க, இந்தாளு சும்மா தண்ணி ஊத்தறப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு."

"அவரு ஊருக்கு நல்லது பண்றாரு. உன்ற சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்ல."

"வரி கட்டறதாலதானுங்க ஆபீஸ்ல போயி மேசையத் தட்டிக் கேட்டேன்? வெளிய போயிட்டா யாரப் போயிக் கேக்கறது? இவரையா?"

கூட்டத்தில் விலகுவதற்கு எல்லாரும் கை தூக்கினார்கள். அவள் மட்டும் எழுந்து, தெரிந்த மராத்தியில் அதையே திக்கித் திக்கிச் சொன்னாள். "மதராசி வஹினிக்கு மேம்பாலம் வேணுமாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டமே சிரித்தது. பாஸ்கர் பாதி தூக்கிய கையை இறக்கிக்கொண்டான்.

கிராமம் விலகியது. வரியும் குறைந்தது. குழாய்களை ஒரு லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. மறுவாரம் டேங்கருக்கு மறுபடி காசு, அதுவும் கூடுதலாக.

விட்டல்ராவ் அவள் வாசலில் வண்டியை நிறுத்தினார். "கோபமெல்லாம் இல்ல வஹினி. உங்க வீட்டுக்கு மட்டும் எப்பவும் ஃப்ரீ. தெருவுல சொல்லிக்க வேண்டாம்."

அவள் டேங்கரின் ரப்பர் குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எவ்வளவு?"

"அட, ஃப்ரீன்னேனே!"

"காசு வாங்கிட்டு ஊத்துங்க. தொட்டி நிறையலேன்னா உங்களை வந்து கேக்கணுமில்ல?"

பாஸ்கர் பணம் எடுக்க உள்ளே போனான். அவள் தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்தபடி நின்றாள்.