ராசையா முட்டை

டிரைவர் வெற்றி மயங்கி விழுந்தது விடிகிற நேரம். படகின் பின்பக்கத்தில் எல்லோரும் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிறவன் விழுந்துவிட, படகு தன்பாட்டில் வளையத் தொடங்கியது. வலையின் இரும்புக் கயிறு விறைத்து ஒருவன் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அரிசி களைந்துகொண்டிருந்த சமையல்காரர் ராசையா ஈரக்கையோடு ஓடி இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். டிரைவரின் தலையை மடியில் வைத்து, டீக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளி வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வெற்றி கண் திறந்து, முதல் வேலையாக, வலை கிழிந்ததா என்று கேட்டான்.

கரைக்கு வந்ததும் டாக்டர் திட்டினார். சுகர் மாத்திரையை விடியற்காலையில் போட்டுக்கொண்டு பத்து மணி வரைக்கும் வெறும் வயிற்றோடு இருந்தால் மயக்கம் வராமல் என்ன வரும்? விடிந்ததும் முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடு, சோற்றைக் குறை என்றார்.

சொல்வது சுலபம். காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் காலைச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. விடியும்போது வலை மேலே வரும். மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, அறைக்குள் இறக்கி முடித்த பிறகுதான் யாருக்கும் வயிறு ஞாபகம் வரும். அந்த நேரத்தில் வலையில் கை வைக்காத ஒரே ஆள் சமையல்காரர்தான். ஒவ்வொரு படகிலும் சமையலுக்கென்று தனி ஆள் இருப்பதற்குக் காரணமும் அதுதான். மத்தியானச் சோற்றையும் மீன் குழம்பையும் வேலை ஓய்ந்தபின் யார் வேண்டுமானாலும் பொங்கிவிடலாம்.

ஆடுகிற படகில், விடியற்காலையில், எட்டுப் பேருக்கு முட்டை பொரிப்பது வேறு கதை. ராசையாவின் இரண்டு முன்கைகளிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள் புள்ளி புள்ளியாக இருந்தன. முடிந்த நாளில் பொரித்தார், அலை அடித்த நாளில் பிஸ்கட்டை நீட்டினார்.

ராசையா தண்டையார்பேட்டையில் பிறந்தவர். கல்யாணம் ஆகவில்லை. எம்.கே.பி. நகரில் தங்கை வீட்டில் இருந்தார். தங்கை மகனுக்குக் கல்யாணமானதும், இடம் போதவில்லை என்று அவருடைய டிரங்குப் பெட்டியை மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்கு வந்துவிட்டார். சமையல் அடுப்புக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு, ஆள் நீட்டிப் படுக்கலாம். கடலில் இருந்தாலும் படுக்கை அதுதான், படகு கரையில் கட்டிக் கிடந்தாலும் காவலுக்குக் காவலாக அதுதான். மீன்பிடித் தடைக்காலத்தில் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், அவர் பலகைக்குப் போவார். படகு போனால் அவருக்கு வேலையோடு வீடும் போகும்.

படகின் முதலாளி பிராங்கிளினுக்கு ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. அவர் மனைவி ஹெப்சிபா போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். யாரோ ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வாரம் முழுவதற்கும் வேண்டிய முட்டைப் பலகாரத்தைக் குழிகளில் ஊற்றி வேகவைத்து, ஃப்ரீசரில் போட்டுவைக்கிறாள். காலையில் எடுத்துச் சூடு பண்ணினால் நாஸ்டா தயார்.

"இத்த நம்ம போட்டுக்குச் செய்ய முடியாதா?" என்றார் ஹெப்சிபா.

பிராங்கிளின் மூடிப்போன ஐஸ்கிரீம் கடை ஒன்றிலிருந்து ஃப்ரீசர் பெட்டி வாங்கிப் படகில் ஏற்றி, ஜெனரேட்டரில் இணைத்தார். சமைக்க வேண்டியது ராசையா.

முதல் தடவை இட்லித் தட்டில் ஊற்றினார். அடித்த முட்டை, முருங்கைக்கீரை, கேரட், வெங்காயம், தக்காளி, மிளகு. பூப்போல வந்தது. ஹெப்சிபா ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ராசையா, கடலில் காலம் தள்ளியவன் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்றைச் செய்தார். ஏற்றுமதி இறாலை உறைய வைக்கும்போது டப்பாவில் தண்ணீர் ஊற்றித்தான் உறைய வைப்பார்கள். ஐஸ் கவசம் போல மூடிக்கொண்டால் இறால் காயாது, நிறம் மாறாது. ராசையாவும் முட்டை இட்லிகளை டப்பாவில் அடுக்கி, கழுத்து வரை நல்ல தண்ணீர் ஊற்றி மூடினார்.

கடலில் முதல் விடியலில் டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே ஐஸ் பாறை, அதற்குள் மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். சூடு பண்ணியதும் பாறை உருகி, பாத்திரத்தில் பச்சை நிறத் தண்ணீரும் ஊறிய பஞ்சும் மிஞ்சின.

"இன்னா நைனா இது, முட்டையா, மூஞ்சி தொடைக்கிற துணியா?" என்றான் வெற்றி. ஒன்றை எடுத்துப் பிழிந்தான். தண்ணீர் கொட்டியது. "தோ பாரு, பால் கறக்குது!"

படகே சிரித்தது. பிழிந்ததை வெற்றி பின்னால் நின்றவன் மேல் வீசினான். அவன் திருப்பி வீசினான். ஒன்று ராசையாவின் நெற்றியில் பட்டு, கீரையோடு மூக்கில் வழிந்தது.

"மாமு முட்டையைக் கூட எக்ஸ்போர்ட்டுக்கு ரெடி பண்ணிகீறாரு!" என்றான் இன்னொருவன்.

அன்று முழுக்க அவர் தலையைக் கண்டால் யாராவது ஒருவன் காற்றில் கையைப் பிழிந்து காட்டினான். ராசையா முகத்தைக் கழுவிக்கொண்டு மத்தியானச் சோறு வைத்தார்.

கரைக்கு வந்ததும் ஹெப்சிபாவின் சமையலறையிலேயே பழியாய்க் கிடந்தார். தக்காளியை விட்டார், அது தண்ணீர் விடுகிறது. கீரையையும் வெங்காயத்தையும் சட்டியில் ஈரம் போக வதக்கிவிட்டு முட்டையில் சேர்த்தார். வெந்ததை ஆறவிட்டார், ஆவி இருந்தால் அதுவும் ஐஸ் ஆகிவிடும். தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறைய வைத்து, கல் மாதிரி ஆனபின் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டினார். சூடு பண்ணுவதற்கும் வழி கண்டுபிடித்தார். கவரிலிருந்து எடுத்ததை அப்படியே இட்லிப் பானையில் வைத்து, நடுப்பகுதியும் சூடேறும் வரை ஆவி காட்டினால் போதும். பானையை அடுப்போடு கம்பியால் கட்டிவிட்டால் எவ்வளவு அலை அடித்தாலும் கவிழாது. எண்ணெய் தெறிக்காது. யாரும் பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

அந்தக் கடைசி விஷயத்தை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னவர் அவர்தான்.

அடுத்த பயணத்தில் வெற்றி ஸ்டீயரிங்கை விடாமலே இரண்டு தின்றான். மூன்றாவது கேட்டான். திரும்பி வந்து ரத்தம் பார்த்தபோது டாக்டர் பாராட்டினார். வெற்றி படகுத்துறையில் நின்று கத்தினான்: "எங்க மாமு கையி மருந்து கை! முட்டை குடுத்தே சுகரை எறக்கிட்டாரு!" பக்கத்துப் படகுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கவரைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சில நாட்களிலேயே அதற்கு ராசையா முட்டை என்று பெயர் விழுந்தது. ராசையா ஒரு புதுச் சட்டை வாங்கினார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பத் தயாரான வாரம், ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது பிராங்கிளின் அவரைக் கூப்பிட்டார். வெற்றியும் கூட நின்றான்.

"அண்ணே, இந்த தபா நீங்க கரையிலயே இருங்க. முட்டையை மட்டும் செஞ்சு குடுங்க. உங்க எடத்துல வலைக்கு ஒரு ஆள் போட்டுக்குறோம்."

ராசையாவுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்போ காலைல யாரு பாக்குறது?"

"இன்னா பாக்குறதுக்குக் கீது?" என்றான் வெற்றி. "பானைல போட்டா வேவுது. நீதானே சொன்ன, பக்கத்துல ஆளே வேணாம்னு."

"உன் வாயில சர்க்கரை போட்டது யாரு?"

"அதுக்கு இன்னா, கோயில் கட்டணுமா? இப்போதான் மயக்கமே வரதில்லியே. உன் முட்டைதான் கீதே."

"நான் எங்க படுப்பேன்?"

ஐஸ் கட்டியை முதுகில் சுமந்து வந்த ஒருவன் போகிற போக்கில் சொன்னான்: "ஃப்ரீசர்ல படு மாமு. கெட்டுப்போகாம இருப்ப."

கிளம்புகிற காலையில் ராசையா முட்டைக் கவர்களை வரிசையாக ஃப்ரீசரில் அடுக்கி மூடிவிட்டு, நேராகப் போய்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். இறங்கச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்தார். பிராங்கிளின் கெஞ்சினார், பிறகு திட்டினார். புதிதாகச் சேர்ந்த ஆள் தன் பையோடு நின்று, எங்கே வைப்பது என்று கேட்டான்.

"தூக்குங்கடா பெரியவரை," என்றான் வெற்றி.

இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்தார்கள். அடிக்கவில்லை, கோபப்படவில்லை. அதுதான் ராசையாவுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டு தூக்கினார்கள். வழியில் ஒருவன் தாலாட்டுப் பாடினான். துறையில் மீன் கூடையோடு நின்ற பெண்கள் வழிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். ராசையா ஒரு சாக்குக் குவியலின் மேல் இறக்கப்பட்டார். வேட்டி அவிழ்ந்திருந்தது. அவர் அதைக் கட்டி முடிப்பதற்குள் படகு துறைமுக வாயைத் தாண்டிவிட்டது.

அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தவர் சாலமோன். அடுத்த படகின் சமையல்காரர், ராசையாவின் தோஸ்து. கடலில் எது தீர்ந்தாலும் வயர்லெஸ்சில் இவரிடம் அவர் கேட்பார், அவரிடம் இவர் கேட்பார்.

"எழுந்து வா மாமு. என் போட்டு கிளம்ப நாலு நாள் கீது. பலகை பெருசு, ரெண்டு பேரும் படுக்கலாம்."

படுத்தார்கள். சாலமோன் காலையில் டீ போட்டுக் கொடுத்தார், மத்தியானம் நெத்திலிக் குழம்பு வைத்தார். வெற்றியைப் பச்சை பச்சையாகத் திட்டினார். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்: "அந்த முட்டை செய்ற வழியை என்கிட்ட சொல்லிடாத, இன்னா? எங்க ஓனரு காதுல உய்ந்தா என் பொட்டியும் கீழ வந்துடும்."

ராசையா தலையை ஆட்டிவிட்டுக் குழம்பை வழித்துத் தின்றார்.

அந்தப் படகின் முதலாளி ரவிக்குமார் மறுநாளே துறைக்கு வந்தார். சாலமோன் கேஸ் சிலிண்டர் மாற்றப் போயிருந்தார்.

"உங்களைத்தான் தேடிகினு வந்தேன். பிராங்கிளின் போட்டுக்குச் செய்றீங்களே, எங்களுக்கும் செஞ்சு தரணும். அப்பால எனக்குத் தெரிஞ்ச இன்னும் நாலஞ்சு ஓனருங்க கேக்குறாங்க. தண்டையார்பேட்டையில குடோன் ஒண்ணு காலியா கீது, ஃப்ரீசர் நாங்க போட்டுக் குடுக்குறோம்."

ராசையா கூலியைப் பற்றிப் பேசவில்லை.

"எனக்கு ஒண்ணுதான். எந்த போட்டு கரையில நிக்குதோ, அதுல அடுப்புப் பலகை எனுது. காவலும் நானே பாத்துக்குறேன். வேற யாரும் அதுல படுக்கக்கூடாது."

"எங்க சாலமோனு படுக்குறாரே?"

"முட்டை வந்துட்டா சாலமோனு எதுக்கு?"

ரவிக்குமார் அது தன் மனதிலும் இருந்ததுதான் என்று சொல்லிச் சிரித்தார். ராசையா சிரிக்கவில்லை. குடோனில் தண்ணீர் வசதி உண்டா என்று கேட்டார்.

சாலமோன் சிலிண்டரோடு திரும்பி வரும் வழியிலேயே ரவிக்குமார் அவரை நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டார். ராசையா பலகையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். சாலமோன் சிலிண்டரைக் கீழே வைத்தார்.

"மாமு. நீ படுத்துகினு கீறது என் பாயி."

"பாயை எடுத்துக்கோ. பலகையை வுடு."

"உனக்கு நான் சோறு போட்டேன்யா."

"போட்ட. உப்பு ஜாஸ்தி."

"உன்ன தூக்கிப் போட்டப்ப பொட்டிய எடுத்துகினு வந்தவன் நானு!"

"அதாங்காட்டியும் சொல்றேன்," என்றார் ராசையா, கண்ணைத் திறக்காமலே. "நீயா எறங்கிப் போயிடு. தூக்கினு போய்ப் போட்டானுங்கன்னா இடுப்பு புட்ச்சிக்கும். எனக்கு இன்னும் வலிக்குது."

சாலமோன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ராசையா எழுந்து, பாயைச் சுருட்டி, மரியாதையாக அவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "குடோன்ல முட்டை ஒடைக்க ஆள் வேணும். வரதா இருந்தா காலைல வா. வரலேன்னா வேற ஆள் கீது."

சாலமோனுக்குத் திருவொற்றியூரில் வாடகை வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகும் பெண்கள். அவர் காலையில் வந்தார்.

இப்போது குடோனில் முட்டை உடைப்பவர்கள் நான்கு பேர். எல்லோரும் ஏதாவது ஒரு படகில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள். ராசையா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முட்டையில் ஓடு விழுந்தால் பாத்திரத்தைப் பறித்து எல்லோர் முன்னாலும் கொட்டுவார்.

"கையா இது? நீ எப்படிய்யா கடல்ல சமைச்ச?" என்று சாலமோனைப் பார்த்துத்தான் அதிகம் கத்துவார்.

சாயங்காலமானதும் கதவைப் பூட்டிவிட்டு, எந்தப் படகு கரையில் நிற்கிறது என்று சாலமோனிடமே விசாரிப்பார். சாலமோன் சொல்லுவார்.