மூன்று நாள் சென்றது

அப்பா இறந்த ஆறாம் நாள் காலையில் நான் அறைக்குள் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தேன். சிறுசேரியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. அதோடு அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழும் படித்துவந்தேன். அந்த மாதக் கேள்வி, இடைக்காலக் கதை ஒன்றின் கதைப்பின்னலை ஆராய்க என்பது. விடுப்பில் வீட்டில் இருந்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. இருந்த வேலைகளையெல்லாம் உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் பெரியம்மாவின் குரல் கேட்டது. "அப்பன் போயி ஒரு வாரம் ஆவல. ஆபீஸ் வேல மாதிரி எழுதிகினு கீறா பாரு. கண்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"எழுதட்டும், விடுக்கா" என்றாள் அம்மா.

பெரியம்மா சொன்னதில் தவறில்லை. எனக்கு அழுகை வரவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் நான்தான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு எல்லாமே எங்கோ தள்ளி நடப்பதுபோல் இருந்தது.

கதை சின்னதுதான். எதிரிப்படை கோட்டையைச் சூழ்ந்திருக்கும்போது அரசன் காய்ச்சலில் இறந்துபோகிறான். பதினைந்து வயது மகனுக்கு அன்றே முடிசூட்டுகிறார்கள். அவன் எதிரிக்கு ஆள் அனுப்புகிறான்: தந்தைக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடிக்க மூன்று நாள் வேண்டும். எதிரி சம்மதிக்கிறான். அந்த மூன்று நாளில் மதிலைப் பலப்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள் அமைச்சர்கள். இளம் அரசன் மறுத்துவிடுகிறான். மூன்று நாள் சென்றது. நான்காம் நாள் கதவைத் திறக்கச் சொல்லி, தந்தையின் யானைமேல் ஏறித் தனியாக வெளியே வருகிறான். எதிரி அவனைப் பார்க்கிறான். படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான்.

தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்று நான்கு தலைப்பு போட்டேன். இளம் அரசனின் வீரமும் வாக்குத் தவறாமையும் எதிரியின் மனத்தை மாற்றின என்று பாடப்புத்தகம் சொன்னது. அதையே எழுதிக்கொண்டு வந்தேன். "மூன்று நாள் சென்றது" என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. முற்றுகைக்கு ஏழு வரி, யானைக்கு நான்கு வரி கொடுத்த கதை, மூன்று நாளுக்கு மூன்றே சொல் கொடுத்திருந்தது.

தம்பி உள்ளே வந்து கட்டிலில் படுத்தான். அப்போது அவன் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. கொள்ளி வைத்தவன் என்பதால் தலையை மழித்திருந்தார்கள்.

"இன்னாக்கா எழுதற?"

கதையைச் சொன்னேன். விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"தனியா வெளிய வந்தானே, அவனுக்கு பயமே இல்லயா?"

"அத பத்தி எழுதல."

"பயம் இல்லாம எல்லாம் இல்லக்கா. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது அவனுக்கு. கதவ தொற, யானை மேல ஏறுன்னு எவனாவது சொல்லியிருப்பான். ஏறியிருப்பான்."

சற்று நேரத்தில் தூங்கிவிட்டான்.

பதினாறாம் நாள் காரியத்தில் தாய்மாமன் அவனுக்குத் தலைப்பாகை கட்டினார். இனி வீட்டுக்கு இவன்தான் என்று ஊருக்குச் சொல்வது அது. மழித்த தலையில் புதுத்துணி நிற்கவில்லை, காதுவரை வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு கையால் அதைத் தாங்கியபடியே வரிசையாக எல்லார் காலிலும் விழுந்து எழுந்தான். "அப்பா கடைய இனிமே நீதான் பாத்துக்கணும்பா. காலேஜெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் பெரியப்பா. அவன் தலையாட்டினான். அவர் எது சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பான் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அசைன்மென்டில் ஒரு பத்தி சேர்த்தேன். இந்தக் கதையின் மையம் யானை அல்ல, அந்த மூன்று நாள். அதில் அரசன் அழவில்லை, சிந்திக்கவில்லை, பிறர் காட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரி அவன் முகத்தில் கண்டது வீரத்தை அல்ல, அங்கே எதுவுமே இல்லாததைத்தான் என்று எழுதினேன்.

தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. ஆசிரியர் என் தாளை இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா இது கதையில இல்லையே. கதை சொல்லாம விட்டத நீங்க சொல்லிட்டீங்க. கதைப்பின்னல்னா இருக்கறத வெச்சுத்தான் பேசணும்."

"சரி சார்."

"கடைசிப் பத்திய எடுத்துட்டுக் குடுங்க. மார்க் போட்டுடறேன்."

அங்கேயே பேனாவால் அடித்துக் கொடுத்தேன். வருத்தம்கூட இல்லை. பல்லாவரம்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் எங்கள் கடை. பைப், ஆணி, பெயின்ட் விற்கும் கடை. கல்லாவில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒரு பிளம்பர், "முக்கால் இஞ்ச் எல்போ ரெண்டு குடுப்பா" என்றார். தம்பி அலமாரியைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"தெரியலண்ணா. எங்க கீதுன்னு உனுக்குத் தெரிஞ்சா நீயே எடுத்துக்கோண்ணா."

பிளம்பர் உள்ளே வந்து தானே எடுத்துக்கொண்டார். போகும்போது தம்பியின் தோளில் கை வைத்து, "நீ படிக்கற புள்ள. போயி படி, கண்ணு" என்றார்.

அதை நான் அன்றே அம்மாவிடம் சொன்னேன். அந்த இருபது நாளில் நானாக ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா பெரியப்பாவிடம் பேசினாள். பெரியப்பா கத்தினார், ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கடையைச் சரக்கோடு அந்த பிளம்பரின் மைத்துனருக்கே விட்டோம். தம்பி கல்லூரிக்குத் திரும்பினான். விட்ட பாடங்களை எழுத ஒரு வருடம் கூடுதலாகப் பிடித்தது.

நானும் எம்.ஏ. முடித்துவிட்டேன். சென்ற மாதம் அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "நீ கடைசி வரைக்கும் அழவே இல்லல்ல?"

"இல்லம்மா."

"வந்தா அழு. வரலைன்னா விடு" என்றாள். ஒரு புடவையின் மறு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் பிடித்து மடித்தோம்.