முதல் பெயரும் இடுப்பெலும்பும்

பிஷ்கெக்கில் எங்கள் இதய ஆய்வுத் துறையில் பதினாறு பேர். பதினான்கு பேர் பெண்கள். மீதி இரண்டு ஆண்களில் ஒருவர் துறைத்தலைவர். மற்றவர் அடுத்த துறைத்தலைவர். இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் தரை துடைக்க வரும் அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

சைராகுல் அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினோரு கோடையாக ஸ்கேன் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அத்பாஷி மேய்ச்சல் மலைக்குப் போய்வந்தவர். கூட நானும் இன்னொரு பெண்ணும், டிரைவர் துருஸ்பெக் அண்ணனும். மலைக்காற்று இதயத்தை என்ன செய்கிறது என்று எங்கள் துறையில் அதுவரை ஆண்களை மட்டுமே அளந்திருந்தார்கள். குதிரைப்பால் கறக்கும் பெண்களுக்கும் இதயம் இருக்கிறது என்று நினைத்தவர் அக்கா.

முன்பு வந்த ஏழு ஆய்வுக் கட்டுரைகளிலும், ஆய்வு யாருடையது என்று சொல்லும் முதல் பெயர் துறைத்தலைவர் கெங்கேஷ் ஐயாவுடையது. அக்கா பெயர் வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நிற்பார். எட்டாவது, இந்தப் பெண்களைப் பற்றியது, முழுக்க அவருடைய கேள்வி. முதல் பெயர் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஐயா "பார்க்கலாம்" என்றார். எங்கள் துறையில் அதற்கு "கிடையாது" என்று பொருள்.

வியன்னா மாநாட்டில் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசப்போவது ஐயாதான். மலையில் நிற்கிற மாதிரி ஒரு படமாவது வேண்டுமே. அதற்காக முதல்முறையாக எங்கள் ஜீப்பில் ஏறினார்.

மேய்ப்பர் ஒரோஸ்பாய் எங்களுக்காக வழக்கம்போல ஆடு அறுத்திருந்தார். எங்கள் வழக்கத்தில் கறியை இஷ்டத்துக்குப் பங்கிட முடியாது; ஆளுக்கேற்ற எலும்பு. இடுப்பெலும்பு கூட்டத்தின் தலைவருக்கு. முதல் வருஷம் ஜீப்பிலிருந்து இறங்கிய ஒரே ஆண் துருஸ்பெக் அண்ணன். ஆகவே பெரிய டாக்டர் அவர்தான் என்று முடிவுகட்டி ஒரோஸ்பாய் அதை அவருக்குக் கொடுத்தார். நான் வெறும் டிரைவர் என்று அண்ணன் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பதினோரு வருஷமாக அதே கதை. அக்காவுக்குப் பெண்களுக்கென்று உள்ள வால்பக்கத் துண்டு, சிரித்துக்கொண்டே தின்பார்.

இந்த முறை ஐயா கையைப் பாதி நீட்டியே விட்டார். எலும்பு அவர் மூக்குக்கு முன்னால் பயணம் செய்து துருஸ்பெக் அண்ணன் தட்டில் இறங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஐயாவை ஒரோஸ்பாய் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாவம், இந்த ஆளுக்கு ரொம்ப முடியலை போல. பெரிய டாக்டரே, அந்தம்மாகிட்ட சொல்லி ஒருதடவை பாக்கச் சொல்லுங்க."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ஐயாவின் உதடு உண்மையிலேயே நீலம் பாய்ந்திருந்தது. அக்கா அவரைக் கம்பளத்தில் படுக்கவைத்து இதயத்தை ஸ்கேனில் அளந்தார். பயப்பட ஒன்றுமில்லை, கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்றார். நான் பதிவேட்டில் எழுதினேன்: இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள்.

பாதி மலை இறங்கியதும் ஐயாவுக்கு மூச்சோடு பதவியும் திரும்பி வந்தது.

"முதல் பேரு தலைவருக்குத்தான், சைராகுல். மேலே பாத்தீங்கல்ல? எல்லாத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கு."

"பாத்தேன் ஐயா. எலும்பு போனா போகட்டும்னு பதினோரு வருஷம் சும்மா இருந்தேன். பேரு போச்சுன்னா நான் அங்க போகவே இல்லைன்னு ஆயிடும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எல்லோரும் கையெழுத்திடாமல் இதழில் கட்டுரை வராது. ஆனால் அக்காவின் வேலையை வருஷாவருஷம் நீட்டிப்பது ஐயாவின் கையெழுத்து. அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்று வாரம் ஐயா கட்டுரையை மேசையிலேயே போட்டுவைத்தார். வியன்னா தேதி நெருங்கியது; கட்டுரை இல்லாமல் அங்கே போய் என்ன பேசுவார்? கட்டுரை போனது, முதல் பெயர் அக்காவுடையது. ஐயா கடைசி. பெரியவர்கள் கடைசியில்தான் நிற்பார்கள் என்று இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிறார். வேலையும் நீண்டது, பெண்களின் இதயம் தெரிந்த வேறு ஆள் அவருக்கு ஏது?

அடுத்த கோடையில் ஒரோஸ்பாய் பழையபடியே இடுப்பெலும்பைத் துருஸ்பெக் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதை அப்படியே அக்காவின் தட்டில் வைத்தார்.

"இத்தனை வருஷமா உங்க எலும்பைத்தான் நான் தின்னுக்கிட்டு இருந்தேன், டாக்டரம்மா."

அக்காவுக்காக எடுத்த வால்பக்கத் துண்டை ஒரோஸ்பாய் திரும்ப வைத்துவிட்டார். அக்கா கத்தியை எடுத்து, கறியில் பாதியை அரிந்து அண்ணனுக்கே திருப்பிக் கொடுத்தார்.