லாரன்ஸ் சாரின் சின்னத் தவக்காலம்

லாரன்ஸ் சார் இறந்த செய்தியை என் அண்ணன் அந்தோணிதான் போனில் சொன்னார். "சார் போயிட்டாரு, ரீட்டா" என்று சொல்லிவிட்டு அழுதார். குன்னூரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அப்போது காலை நேரக் கூட்டம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லாரும் அவரைக் கட்டுப்பாடான மனிதர் என்றார்கள். தலைமையாசிரியராக, கோயில் பாடகர் குழுவை நடத்தியவராக அப்படி இருந்திருக்கலாம். சர்க்கரை நோயாளியாக அவர் ஒரு பெரிய ஏமாற்றுக்காரர். இதை அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா, நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன்" என்றார் அவர்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு சார் பத்தியம் தொடங்குவார். ராகிக் களி, பாகற்காய், மேட்டில் ஏறி இறங்கி நடை. ஈஸ்டருக்கு முன் நோன்பிருக்கும் தவக்காலத்தை நினைத்து அதற்கு அவரே வைத்த பெயர் சின்னத் தவக்காலம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இறங்கியிருக்கும். டாக்டரும் மாத்திரையைக் கூட்டாமல் விட்டுவிடுவார். சார் நேராகப் பேக்கரிக்குப் போய் வர்க்கி பிஸ்கட்டும் சர்க்கரை தூக்கலாக டீயும் கேட்பார். "இது நம்ம ஈஸ்டருங்க" என்பார் கடைக்காரரிடம்.

ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை அந்த அணு சாகும்வரை போகாது. அதனால் மூன்று மாதம் எப்படி இருந்தோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாரப் பத்தியம் அதனிடம் செல்லாது. அதை எடுக்கலாம் என்று நான் கேட்கும்போதெல்லாம் சார் மறுத்தார். "பாவசங்கீர்த்தனத்துல சாமியாரே இவ்வளவு தோண்டிக் கேக்கறதில்லம்மா" என்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தன்னோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. குழுவில் சர்க்கரை உள்ள எல்லாருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். அண்ணன்தான் முதல் சீடர். அவருக்குக் கேத்தியில் கேரட் கழுவும் வேலை. ரப்பர் பூட்ஸுக்குள் சிக்கிய ஒரு கல் பாதத்தை அறுத்தது, சர்க்கரையில் மரத்துப்போயிருந்த காலுக்கு உறைக்கவே இல்லை. புண் முற்றி, வலது பாதத்தையே எடுக்க வேண்டி வந்தது. "கல்லு குத்துனதுக்குச் சர்க்கரை மேல பழி போடறாங்க. சாருக்குத் தெரியாததா?" என்று படுக்கையில் கிடந்தபடி என்னிடம் சண்டை போட்டார். சார் ஜெபமாலையோடு பார்க்க வந்தார். அவர் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் லேபுக்கு வந்து கையை நீட்டினார். சட்டையில் வர்க்கித் துகள். "இன்னிக்கு வேஷம் இல்லம்மா. அந்த மூணு மாசத்தையும் சேர்த்து உள்ளது உள்ளபடி பாரு" என்றார். ஏழுக்குள் இருக்க வேண்டிய அளவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இதை அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிருங்க சார். நான் சொன்னா காதுல ஏறாது."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சொல்றேம்மா."

சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுப் புத்தகங்களை அடுக்குவதில் மும்முரமாகிவிடுவார். கோயில் முழுவதையும் பாட வைத்த மனிதருக்கு, தன்னை நம்பிய ஒருவரிடம் "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் அண்ணனுக்குப் பரிசோதனை. நேற்றுப் போனபோது வீடெல்லாம் பாகற்காய் வாசனை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சார் ஞாபகமா இந்தத் தடவையும் சின்னத் தவக்காலம்" என்றார்.

சார், இதற்காக உங்களை நான் மன்னிக்கவில்லை. அன்று நீங்கள் வேஷமில்லாமல் நீட்டிய கையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். மற்ற புகழையெல்லாம் ஊரார் வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணா, நான் சொல்லி நீங்கள் கேட்காததை சார் கடைசியில் என்னிடம் ஒத்துக்கொண்டுவிட்டார். இந்த வாரமும் எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டு, அந்த மூன்று மாதப் பரிசோதனைக்கு என்னிடம் வாருங்கள். உங்களுக்கு இன்னும் ஒரு கால் இருக்கிறது.