வெடிச் சத்தத்தில் போன பாயிண்ட்

செவ்வாய்க்கிழமை காலை கணேசனின் செல்போனிலிருந்து செய்தி வந்தது. வழக்கம்போல "கோர்ட்டுக்கு வாலே" என்று டென்னிஸ் ஆடக் கூப்பிடுகிறான் என நினைத்துத் திறந்தேன். அனுப்பியது அவன் மனைவி. "அவுக போயிட்டாக அண்ணே. நெஞ்சு வலி."

சிவகாசியில் காலண்டர் அச்சகமொன்றில் மெஷின் ஓட்டியவன் கணேசன். பத்து வயதில் வந்த காய்ச்சலில் காது போனது, பேச்சு போகவில்லை. நான் ஆடும் கிளப்பில் டபுள்ஸுக்கு ஆள் குறைந்த ஒருநாள் அவனுடைய முதலாளி கூட்டிவந்தார். ஓராண்டில் முதலாளியையே தோற்கடித்தான்.

மட்டையில் பந்து படும் சத்தத்திலேயே அதன் வேகம் நமக்குப் பாதி தெரிந்துவிடும். அவனுக்கு அது கிடையாது. "ஒங்களுக்குப் பந்து காதுக்கு ஒருதடவ, கண்ணுக்கு ஒருதடவ வருது. எனக்கு ஒரே தடவதாம்லே" என்பான். வாயால் மட்டும் 'அவுட்' சொன்னால், முடிந்துபோன பந்துக்கு மூச்சிரைக்க ஓடுவான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், வெட்கக்கேடு. ஒருநாள் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "கையத் தூக்குலே! ஒன் வாயவே பாத்துக்கிட்டு இருந்தா பந்த யாரு பாக்குறது?" அன்றுமுதல் தூக்கினேன்.

மாவட்ட அணியில் ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்கான ஆட்டம் எங்கள் இருவருக்கும் நடந்தது. தீபாவளி சீசன். அவனுக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒன்று எடுத்தால் ஜெயித்துவிடுவான். பந்து என் தலைக்கு மேல் லட்டு மாதிரி வந்தது. அவசரப்பட்டு ஓங்கி அடித்து வலையில் விட்டேன். அதே நேரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சோதனைக்கு ஒரு வெடி போட்டார்கள். "சத்தத்துல பதறிட்டேன் சார்" என்றேன் நடுவரிடம். அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடச் சொன்னார்.

ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றிருந்தான் கணேசன். சைகையில் விஷயம் சொன்னதும் கைகள் இறங்கின. நடுவரிடம் போய், "இவனுக்குக் கேட்டதுக்கு மறு ஆட்டம் குடுக்கீக. எனக்குக் கேக்காததுக்கு என்னைக்காவது குடுத்தீகளா?" என்றான். அவர் பந்தை எடுத்து என்னிடம் போட்டார். கடைசியில் நான் ஜெயித்தேன்.

மறுநாள் கேட்டான்: "வெடி அம்புட்டுப் பெருசாலே?"

"ஆமாலே."

"அப்பச் சரி. எவனா இருந்தாலும் பதறத்தான் செய்வான்" என்று சர்வீஸ் போடப் போய்விட்டான்.

அவன் போய்விட்ட பிறகு உங்களிடம் சொல்கிறேன். அது சின்ன வெடி. பெரிதாகவே இருந்தாலும், வெடிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த சிவகாசிக்காரன் எவன் அதற்குப் பதறுவான்? அங்கே நின்ற அத்தனை பேருக்கும் நான் புளுகுவது தெரியும். ஒருவரும் அதை அவனுக்குச் சைகையில் சொல்லவில்லை. சத்தம் கேட்காத அவன் ஒருவன்தான் என்னை நம்பினான். மாவட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஆடினேன். அவனிடம் ஒருநாளும் உண்மையைச் சொல்லவில்லை. கணேசனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பாயிண்ட்தான்.