கூப்பிட்ட பிறகுதான் முதல் அடி

தங்கபாண்டி அண்ணாச்சிக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் இடிக்கிற இங்கிலீஷ். சுரண்டைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, பாதி ஆயுசுக்கு மேல் வீடு இடித்தே பிழைத்தவருக்கு வேறு இங்கிலீஷ் எதற்கு? சாலை பஜாரில் என் டீக்கடை முன்னால்தான் அவர் ஆட்கள் காலையில் கூடுவார்கள். 'டிஸ்மேன்டில்' என்றால் கூரை ஓடும் கதவும் உத்திரமும் முழுசாக வரும்படி கையால் பிரிக்க வேண்டும். 'டெமாலிஷ்' என்றால் ஜேசிபி. 'ஃபுல் கிளியர்' என்றால் அஸ்திவாரக் கல்கூட மிஞ்சக்கூடாது. இந்த மூன்றும் போதும் அவருக்கு.

என் மகள் ஜெஸ்லின் வாயிலோ வேறு மாதிரி. ஐடி கம்பெனி வேலை. ஒருநாள் பியூட்டி பார்லரிலிருந்து வந்தவள், "அந்தப் பொண்ணு என் முடிய டெஸ்ட்ராய் பண்ணிட்டா, என் ஞாயித்துக்கிழமையே ரூயின்" என்று கத்தினாள். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு முடிவெட்டுக்கா மக்கா இவ்வளவு பெரிய வார்த்த?"

"உங்களுக்குச் சோறு போடுறதே அந்த வார்த்ததானே!" என்று நான் வம்புக்கு இழுத்தேன்.

"அதனாலதான் சொல்லுதேன் தங்கச்சி" என்று கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீடானாலும், அந்த வீட்டு ஆள் ஒருவர் வாசலில் நின்று உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிட வேண்டும். பூனையோ, சாமியோ, செத்துப்போனவர்களோ, யாராயிருந்தாலும் சரி. கூப்பிடாமல் முதல் அடி விழாது. ஒரு பங்களாக்காரர் சிரித்தாராம். "சிரிச்சு முடிங்க சார், நான் இருக்கேன்" என்று இவர் மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்த மனுஷன் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு அங்கேயே தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்.

போன மாசம் வாய்க்காலை அகலப்படுத்த, கரையிலிருக்கும் வீடுகளை எடுக்க உத்தரவு வந்தது. அண்ணாச்சி வீடும் அந்த வரிசையில்தான். அவர் மனைவி பேச்சியம்மாள் அந்த வீட்டு அடுப்படியில்தான் சரிந்து விழுந்து செத்தாள். இடிக்கிற கான்டிராக்ட் இவர் மேஸ்திரியாக வேலை பார்க்கும் முதலாளிக்கே கிடைத்தது. என்ன கொடுமை பாருங்கள்!

"உங்களுக்கென்ன தலையெழுத்தா? வேற ஆள அனுப்பச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டேன்.

"வேற ஆளு மெஷின நேரா ஏத்திருவான் தங்கச்சி. கூப்பிடக்கூட விடமாட்டான். அவ உள்ளல்லா இருக்கா."



இடிக்கிற அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு நானும் போனேன். சாமான்களெல்லாம் வெளியே கிடந்தன. ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. முதலாளியின் சூப்பர்வைசர் ஷாஜி, "அண்ணாச்சி, நேரமாயி. டெமாலிஷ் என்னாணு ஆர்டர், கேட்டோ" என்று மலையாளத்தில் அவசரப்படுத்தினான். பாவம், அவன் என்ன செய்வான்.

அண்ணாச்சி வாசலில் போய் நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஊரில் எத்தனையோ பேரைக் கூப்பிட வைத்த மனுஷனுக்குத் தன் வாசலில் கூப்பிட வரவில்லை. மறுபடியும் முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது. ஷாஜி வாட்சைப் பார்த்தான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கூப்பிடுங்க அண்ணாச்சி! உங்க பொண்டாட்டிதானே, என்ன தயக்கம்?"

துண்டை உதறித் தோளில் போட்டார். தினமும் வேலை முடிந்து வருகிறவர் குரலில் சொன்னார்:

"பேச்சி, அடுப்ப அணைச்சிட்டு வா. வேற வீடு பாத்தாச்சு."

வீடு ஒன்றும் பார்க்கவில்லை. அன்றைக்குப் படுக்க என் கடை பெஞ்சைத்தான் ஒழித்து வைத்திருந்தேன்.

வாசலை விட்டு ஒதுங்கி, உள்ளேயிருந்து ஒரு ஆள் கடந்துபோகும் அளவுக்கு வழிவிட்டு நின்றார். பிறகு ஷாஜியைப் பார்த்து, "டெமாலிஷ்" என்றார்.